டூ பாய்ஸா, ஜேம்ஸா: எதை முதலில் படிப்பது?

அடிமைகள் தங்கள் விடுதலையைத் தாங்களே வென்றெடுத்த வரலாற்றைப் படிக்க விரும்புவோருக்கு இரண்டு பெரும் நூல்கள் உண்டு. அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டபிள்யூ. ஈ. பி. டூ பாய்ஸின் 'பிளாக் ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் இன் அமெரிக்கா' 1935இல் வெளிவந்தது, டிரினிடாட் எழுத்தாளர் சி. எல். ஆர். ஜேம்ஸின் 'தி பிளாக் ஜாக்கோபின்ஸ்' 1938இல்.

ஜேம்ஸின் நடை பாய்ச்சல் கொண்டது. கரீபியத் தீவிலிருந்த பிரெஞ்சுக் காலனியின் கரும்புத் தோட்டங்களில் 1791இல் மூண்ட கிளர்ச்சி, 1804இல் ஹெய்ட்டி என்ற சுதந்திர நாடாகிறது. முன்னாள் அடிமையும் படைத்தலைவருமான தூசான் லூவெர்த்யூர், தம் மக்களிடமிருந்தே விலகிப்போகும் பகுதிகள் நெஞ்சை அழுத்துகின்றன. தலைவர்மீது அன்பு வைத்துக்கொண்டே அவரை விமர்சிப்பது எப்படி என்று இயக்கத்தில் இருப்பவர்கள் இங்கே கற்கலாம்.

டூ பாய்ஸ் பொறுமையைக் கேட்பவர். எழுநூறு பக்கங்களுக்கு மேல். உள்நாட்டுப் போருக்குப் பின் அடிமை முறை ஒழிந்த தெற்கில், மாநிலம் மாநிலமாகச் சட்டமன்றங்கள், வரிகள், பள்ளிகள். ஆனால் அவருடைய வாதம் மிகத் துணிச்சலானது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமைகள் தோட்டங்களைவிட்டு வடக்குப் படையிடம் ஓடியதை அவர் பொது வேலைநிறுத்தம் என்கிறார். அதுவரை கருணையைப் பெற்றவர்களாகவே காட்டப்பட்டவர்கள், அவர் கையில் போரின் போக்கையே மாற்றியவர்கள் ஆகிறார்கள்.

கதையோட்டம் வேண்டுவோர் ஜேம்ஸிடம் தொடங்கட்டும். என் தேர்வு டூ பாய்ஸ்தான், அதுவும் கடைசி அத்தியாயத்திலிருந்து. போருக்குப் பிந்தைய ஆட்சியில் கறுப்பின மக்கள் வகித்த பங்கைப் பாடநூல்களும் பேராசிரியர்களும் எப்படித் திரித்தார்கள் என்பதை அங்கே அவர் பெயர் சொல்லி அம்பலப்படுத்துகிறார்.