பிள்ளைய வெளியூர் காலேஜ்ல சேர்க்க ஃப்ளைட் டிக்கெட் போடறீங்களா, புக்கிங்ல யார் நம்பர் இருக்குன்னு பாருங்க

கவுன்சலிங் முடிஞ்சு வடக்க எங்கயாவது சீட் கிடைச்சு டிக்கெட்டுக்கு அலைஞ்சுக்கிட்டு இருக்கிற அப்பா அம்மாமாருக்காக இதை எழுதுறேன். யார் மூலமா வேணா டிக்கெட் போடுங்க, ஆனா அந்த புக்கிங்ல இருக்கிற மொபைல் நம்பரும் ஈமெயிலும் உங்களோடதான்னு பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடியே பாத்துருங்க. எங்க டிக்கெட்ல ரெண்டுமே ஏஜென்ட்டோடது, அந்த ஒரு விஷயத்தால நானும் மகளும் கல்கத்தா ஏர்போர்ட்ல ராத்திரி பூரா பெட்டிய காவல் காத்துக்கிட்டு கிடந்தோம்.

மகளுக்கு ஜோசா (ஐஐடி, என்ஐடிக்கெல்லாம் சேர்த்து நடக்குற கவுன்சலிங்) கடைசி ரவுண்டுல என்ஐடி சில்சர்ல இசிஇ, அதாவது எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங், கிடைச்சுது. எங்களுக்கு திருநெல்வேலி. சில்சர்னா அஸ்ஸாம்ல பராக் பள்ளத்தாக்கு, கோயம்புத்தூர்ல இருந்து வாரத்துக்கு ஒரு ரயில் நேரா போகுது, அதுல வெயிட்டிங் லிஸ்ட். கவுஹாத்தி போயி ரயில் மாறலாம்னா அந்த மலைப்பாதை மழைக்காலத்துல எப்ப மண் சரியும்னு சொல்ல முடியாது, 2022ல நியூ ஹாஃப்லாங் ஸ்டேஷனே மண்ணுக்குள்ள போச்சு. அதனால ஃப்ளைட்தான்னு முடிவு பண்ணி, சொந்தக்காரங்க சிபாரிசு பண்ணுன உள்ளூர் டிராவல்ஸ்ல போயி உட்கார்ந்தோம் (பேரு போடல, கமென்ட்ல கேக்காதீங்க).

ஆளு நல்லா பேசுவாரு. "அண்ணாச்சி, ஸ்டூடண்ட் ஃபேர்ல போட்டுத்தாரேன், பாப்பாவுக்கு பத்து கிலோ எக்ஸ்ட்ரா லக்கேஜ் கிடைக்கும், நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க, எல்லாம் நான் பாத்துக்கிடுதேன்"னாரு. சென்னை டு கல்கத்தா ஒரு கம்பெனி, கல்கத்தா டு சில்சர் வேற கம்பெனி, தனித்தனி பிஎன்ஆர். ஏன் ஒரே டிக்கெட்டா போடலன்னு கேட்டதுக்கு இதுதான் சீப்புன்னாரு. சீப்புதான், இல்லேங்கல. ஆனா ஒரே பிஎன்ஆர்ல இருந்தா முதல் ஃப்ளைட் லேட்டாகி அடுத்தது போயிட்டாலும் அந்தக் கம்பெனியே வேற ஃப்ளைட்ல ஏத்தி விடணும், தனித்தனின்னா ரெண்டாவது கம்பெனிக்கு நீங்க வராத பயணி, அவ்ளோதான், பெட்டியையும் நடுவுல எடுத்து மறுபடி செக்-இன் பண்ணணும். இதெல்லாம் அவரு வாயில இருந்து வரவே இல்ல.

நெல்லை எக்ஸ்பிரஸ்ல போயி தாம்பரத்துல இறங்கி ஏர்போர்ட் போனா கவுன்டர்லயே முதல் அடி. ஸ்டூடண்ட் ஃபேர்ல வந்திருக்கீங்க, காலேஜ் ஐடி கார்டு காட்டுங்கன்னாங்க. காலேஜ்ல சேரவே இப்பதான்மா போறோம், ஐடிக்கு எங்க போறதுன்னு சீட் அலாட்மென்ட் லெட்டர காட்டுனா, அது செல்லாதாம். மெத்தை விரிப்பு, குக்கர், ஊறுகாய்னு ஒரு குடித்தனத்தையே கட்டியிருந்தோம், பதினஞ்சு கிலோவுக்கு மேல இருந்ததுக்கெல்லாம் கிலோவுக்கு அறுநூறைத் தாண்டி வாங்கிட்டாங்க. லக்கேஜ் கூடும்னு முன்னாடியே தெரிஞ்சா ஆன்லைன்ல வாங்கி வச்சிருங்க, கவுன்டர்ல கட்டறதவிட குறைவு. புதுசா சேர்ற பிள்ளைக்கு ஸ்டூடண்ட் ஃபேர் போடறதுன்னா எந்தப் பேப்பர ஒத்துக்குவீங்கன்னு அந்த ஏர்லைன்ஸ்கிட்டயே கேட்டு எழுத்துல வாங்கிக்கோங்க.

இது கூட பரவாயில்ல. கல்கத்தாவுல இறங்கி பெட்டிய எடுத்துக்கிட்டு அடுத்த கவுன்டருக்குப் போனா, அந்தப் பொண்ணு ஸ்கிரீனையே பாத்துக்கிட்டு இருக்கு, அப்புறம் சொல்லுது, இந்த பிஎன்ஆர் கேன்சல் ஆகி பல நாளாச்சு சார்னு. எனக்கு ஒரு நிமிஷம் ஒண்ணும் ஓடல. விசாரிச்சா நடந்தது இது: ஏர்லைன்ஸ் அந்த ஃப்ளைட் டைம முன்னாடி தள்ளியிருக்காங்க, தேதி மாத்திக்கிறீங்களா இல்ல முழுப் பணத்தையும் வாங்கிக்கிறீங்களான்னு எஸ்எம்எஸ்ஸும் மெயிலும் அனுப்பியிருக்காங்க, அதெல்லாம் ஏஜென்ட் நம்பருக்குப் போயிருக்கு, அங்க யாரோ பணம் வேணும்னு அமுக்கி அது ஏர்லைன்ஸ்ல ஏஜென்ட் வச்சிருக்கிற வாலட் கணக்குல போயி விழுந்துருக்கு. எங்ககிட்ட யாரும் மூச்சு விடல. கிளம்பறதுக்கு முந்தின நாள் கூட போர்டிங் பாஸ் ஒண்ணுதான அனுப்பியிருக்கீங்கன்னு கேட்டதுக்கு, ரெண்டாவது கல்கத்தா கவுன்டர்ல தருவாங்க அண்ணாச்சின்னு சொன்ன மனுஷன்.

அன்னைக்கு சில்சருக்கு சீட்டே இல்ல. மறுநாளுக்கு கிடைச்ச டிக்கெட் அவரு வாங்கினதப் போல ரெண்டு மடங்கு, ரெண்டு பேருக்கும். மகளுக்கு அன்னைக்குத்தான் ரிப்போர்ட்டிங், சேர முடியாமப் போயிருமோன்னு அவ அழுத அழுகை இருக்கே, பணத்த விட அதுதான் எனக்கு இன்னும் ஆறல. காலேஜ்ல போன் எடுத்தவர் நாளைக்கு வாங்க, பாத்துக்கலாம்னு தன்மையா சொன்னாரு, நல்லா இருக்கணும்.

ஊருக்கு வந்து ஏஜென்ட்கிட்ட கேட்டா நோ ஷோ ஆயிருச்சு, அதாவது நாங்கதான் ஃப்ளைட்டுக்கு வரலையாம், ரீஃபண்ட் வராதுன்னு என்கிட்டயே சொல்றாரு. நான் ஏர்லைன்ஸுக்கு மெயில் போட்டு, விமானப் பயணப் புகாருக்குன்னு மத்திய அரசு வச்சிருக்கிற ஏர்சேவா சைட்லயும் புகார் பதிஞ்சேன். முழுப் பணமும் ஏஜென்ட் கணக்குக்கு போயாச்சுன்னு தேதியோட பதில் வந்துச்சு. அத காட்டினதும் பேச்சு மாறிருச்சு, "பையன் தெரியாம அமுக்கிட்டான் அண்ணாச்சி". 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்லயும் போட்டதுக்கு அப்புறம்தான் பணம் வந்துச்சு, அதுலயும் சர்வீஸ் சார்ஜ் பிடிச்சுக்கிட்டு.

இன்னொண்ணும் தெரிஞ்சுக்கோங்க, ஏஜென்ட் மூலமா வாங்கின டிக்கெட்டுக்கும் ரீஃபண்ட் பொறுப்பு ஏர்லைன்ஸோடதுன்னுதான் டிஜிசிஏ (விமான கம்பெனிகள கண்காணிக்கிற மத்திய அரசு அமைப்பு) விதி சொல்லுது, நான்-ரீஃபண்டபிள் டிக்கெட்டா இருந்தாலும் ஏர்போர்ட் கட்டணம், வரி எல்லாம் திரும்பக் கொடுக்கணும். ஏஜென்ட் கொடுக்கிற பிடிஎஃப்ப நம்பாதீங்க, அதுல எத வேணா டைப் பண்ணலாம். ஆறு எழுத்து பிஎன்ஆர வாங்கி ஏர்லைன்ஸ் சைட்ல நீங்களே போட்டு பாருங்க, கிளம்பற வரைக்கும் அப்பப்ப பாருங்க. பிஎன்ஆர் அப்புறம் தாரேன்னு சொன்னா எந்திரிச்சு வந்துருங்க.

அவசரத்துல வாங்கின டிக்கெட்டோட வித்தியாசமும் லக்கேஜ் காசும் இன்னும் வரல. அஞ்சு லட்சம் வரைக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல ஃபீஸ் கிடையாதாம், பேப்பரெல்லாம் எடுத்து வச்சாச்சு, அடுத்த வாரம் போடறேன்.