1,140 ரூபாய் எண்டோஸ்கோப் கேமராவும் ஒரு திருகாணியும்

பொருள்: போனில் செருகிப் பார்க்கும் எண்டோஸ்கோப் கேமரா. பெட்டியில் ஏதோ ஒரு பெயர் அச்சடித்திருக்கிறது. ஆனால் அதே கேமரா இந்த ஆன்லைன் தளத்திலேயே பத்துப் பெயரில் கிடைக்கிறது, அதனால் பெயரைச் சொல்லிப் பிரயோஜனமில்லை. 1,140 ரூபாய். 5 மீட்டர் ஒயர், 8 மி.மீ. தலை, தலையைச் சுற்றி ஆறு எல்.இ.டி. கூடவே ஒரு கொக்கி, ஒரு காந்தம், நகத்தளவு கண்ணாடி ஒன்று.

வாங்கிய காரணம் வெட்கக்கேடானது. வீட்டம்மா முகம் கழுவும்போது தோட்டின் திருகாணி வாஷ்பேசினில் விழுந்து ஓடிவிட்டது. "பிளம்பரைக் கூப்பிடுங்க" என்றாள். இருபத்து மூன்று வருஷம் மீனம்பாக்கத்தில் விமானத்தின் இண்டு இடுக்கெல்லாம் போரோஸ்கோப், அதாவது இதே மாதிரி குழாய்க் கேமரா, விட்டுப் பார்த்த மெக்கானிக் நான். பிளம்பரையா கூப்பிடுவேன்? அன்று ராத்திரியே ஆர்டர் போட்டேன். மூன்று நாள் கழித்துத்தான் வந்தது. அதுவரை அந்த பேசினில் யாரும் தண்ணீர் திறக்கக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டு, ஒற்றைத் தோட்டோடு இருந்தவளிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இந்த விலைக்குப் படம் தெளிவுதான். தலையிலிருந்து மூன்று சென்டிமீட்டர் முதல் பத்து சென்டிமீட்டர் வரை துல்லியமாகக் காட்டுகிறது. அதற்கும் கிட்டே போனால் கஞ்சித் தண்ணிக்குள் பார்ப்பதுபோல ஆகிவிடும். எல்.இ.டி. வெளிச்சத்தை ஒயரிலிருக்கும் சக்கரத்தைத் திருகிக் கூட்டலாம், குறைக்கலாம். முழுசாக வைத்தால் பளபளப்பான உலோகம் எல்லாம் வெள்ளையாகப் பூத்துவிடும், ஒன்றும் தெரியாது. பாதிக்கும் கீழே வையுங்கள்.

குறை மூன்று. ஒன்று, தலை திரும்பாது. நாங்கள் வேலையில் வைத்திருந்ததில் கைப்பிடியிலேயே குமிழ் உண்டு, நுனியை நாலு பக்கமும் வளைக்கலாம். அதன் விலை பல லட்சம், எனவே இதில் குறை சொல்வது நியாயமில்லை. இரண்டு, எது மேல் எது கீழ் என்று படத்தில் தெரியாது. இதற்கு ஒரு வழி சொல்கிறேன்: தலையின் ஓரத்தில் ஒரு துண்டு கறுப்பு நூலை, படத்தில் லேசாக எட்டிப்பார்க்கும்படி ஒட்டிவிடுங்கள். உள்ளே விடும்போது நூல் இருக்கும் பக்கத்தை மேலே வைத்துப் பிடித்தால், ஒயர் முறுக்கிக்கொண்டாலும் தலை எவ்வளவு திரும்பிவிட்டது என்று நூல் காட்டிக்கொடுக்கும். மூன்று, அளவு தெரியாது. திரையில் பூசணிக்காய் மாதிரித் தெரிவது நிஜத்தில் மிளகாக இருக்கும்.

இந்த மூன்றாவது குறைதான் 2007 செப்டம்பரை ஞாபகப்படுத்தியது. இனிமேல் கேமராவை விட்டுக் கொஞ்சம் விலகிப் போகிறேன். திருகாணி கிடைத்ததா என்று மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்கள் கடைசிக்குப் போய்விடலாம்.

2007 ஆகஸ்ட் 20. தைவானிலிருந்து ஒகினாவாவின் நாஹாவுக்கு வந்த சைனா ஏர்லைன்ஸ் போயிங் 737-800 ஒழுங்காகத் தரையிறங்கியது, ஒழுங்காக நிறுத்துமிடத்துக்கும் வந்தது. எஞ்சினை அணைத்த கையோடு வலது பக்கம் தீ. குழந்தைகள் இரண்டு உட்பட 157 பயணிகள், 8 ஊழியர்கள், ஆக 165 பேரும் தப்பித்தார்கள். விமானிகள் காக்பிட் ஜன்னல் வழியாக இறங்கினார்கள். விமானம் எரிந்து நடுவில் உடைந்து விழுந்தது. டிவியில் நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

காரணம் ஒரு போல்ட். இறக்கையின் முன்விளிம்பில் ஸ்லாட் என்று பலகைகள் உண்டு, 737-ல் பக்கத்துக்கு நாலு. ஏறும்போதும் இறங்கும்போதும் முன்னால் நீண்டு வரும். ஒவ்வொன்றையும் தாங்கி வளைந்த தண்டவாளம் போன்ற ட்ராக் இருக்கும். ஸ்லாட் உள்ளே போகும்போது ட்ராக்கும் பின்னால் போக வேண்டும். பின்னால் இருப்பது எரிபொருள் டேங்க். ட்ராக் வந்துபோக இடம் வேண்டுமே, அதற்காக டேங்குக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறமாதிரி ஒரு மூடிய உறை வைத்திருப்பார்கள். ஸ்லாட் கேன் என்போம். ஸ்லாட் அளவுக்கு மீறி வெளியே போய்விடாமல் தடுக்க ட்ராக்கின் வால்பக்கத்தில் ஒரு டவுன்ஸ்டாப், அதாவது போல்ட், ஸ்லீவ், வாஷர், நட் சேர்ந்த ஒரு சின்னக் கூட்டணி.

வலது எஞ்சினை அடுத்திருக்கும் 5-ஆம் எண் ஸ்லாட்டில் அந்தக் கூட்டணி கழன்று கேனுக்குள் விழுந்தது. இறங்கியபின் ஸ்லாட்டை உள்ளே இழுத்தார்கள். ட்ராக் பின்னால் வந்து, உலக்கை மாதிரி அந்த போல்ட்டை இடித்து, கேனின் சுவரைத் துளைத்துவிட்டது. டேங்கில் ஓட்டை. ஒழுகிய எரிபொருள் சூடான எஞ்சின் பக்கம் போய்ப் பற்றியது.

ஏன் கழன்றது என்பதை வீட்டம்மாவுக்கு விளக்க நான் எடுத்தது தோடும் திருகாணியும்தான். போல்ட்தான் தோடு, நட்தான் திருகாணி, ட்ராக்கில் இருக்கும் துளைதான் காதுத் துளை. பாம்படம் போட்டு இழுத்துப்போன பாட்டி காதில் சாதாரணத் தோடு நிற்குமா? திருகாணியோடு சேர்ந்து நழுவி விழும். அதனால் பின்னால் ஒரு வில்லையை வைத்து அதன்மேல் திருகாணியைத் திருகுவார்கள். அந்த வில்லைதான் வாஷர். 737-ல் நட் அந்தத் துளையைவிடச் சின்னது. வாஷர் இருக்கும்வரை கவலையில்லை. வாஷர் இல்லையென்றால் நட்டை எவ்வளவு இறுக்கினாலும் மொத்தமும் துளை வழியே வந்துவிடும்.

"அப்ப வில்லையை மறந்துட்டாங்களா?" என்றாள். ஏறக்குறைய அதுதான். ஆனால் வேடிக்கை என்னவென்றால், அந்த நட்டை அவர்கள் கழற்றியதே பாதுகாப்புக்காக. சில விமானங்களில் அந்த நட் தளர்கிறது என்று 2005-லேயே போயிங் சர்வீஸ் லெட்டர் அனுப்பியிருந்தது: கழற்றி, தளராமல் பிடிக்கும் பசை தடவி, திரும்ப மாட்டு. விபத்துக்கு ஒன்றரை மாதம் முன்னால் அந்த வேலை நடந்தது. அப்போதுதான் வாஷர் விழுந்திருக்க வேண்டும் என்று ஜப்பானிய விசாரணைக் குழு முடிவுக்கு வந்தது.

விபத்து நடந்த ஐந்தாம் நாள், ஆகஸ்ட் 25 அன்று, அமெரிக்க விமானத் துறையின் அவசர ஏ.டி. வந்தது. ஏ.டி. என்றால் ஏர்வொர்த்தினஸ் டைரக்டிவ். சர்வீஸ் லெட்டர் அறிவுரை மாதிரி, ஏ.டி. கட்டாயம். செய்யாவிட்டால் விமானம் பறக்கக் கூடாது. முதலில் 24 நாள் கொடுத்திருந்தார்கள். பார்த்த விமானங்களிலேயே உதிரிகள் கிடைக்க ஆரம்பித்ததும், மூன்றே நாளில் 10 நாளாகக் குறைத்து இன்னொன்று வந்தது. அந்த மாடலை ஓட்டும் எல்லோருக்கும் வேலை. எங்களுக்கும்தான்.

ராத்திரி கடைசி விமானம் வந்து நின்றபின், ஏறி நின்று வேலை பார்க்கும் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு போவோம். ஸ்லாட்டை வெளியே நீட்ட வைத்து, போரோஸ்கோப்பை ட்ராக் ஓரமாகக் கேனுக்குள் விட வேண்டும். ஆகஸ்ட் முடிந்தும் சென்னைப் புழுக்கம் குறையவில்லை. வியர்வை கண்ணில் இறங்கும், துடைக்கக் கை கிடையாது. ஒரு கையில் குமிழ், மறு கையில் ஒயர். பக்கத்தில் ஒரு பையன் திரையைப் பார்த்து, "அண்ணே, இன்னும் உள்ள, இன்னும் உள்ள... நிறுத்துங்க, ஏதோ கிடக்கு" என்றான். அந்த நிமிஷம் வயிற்றில் புளி கரைத்தது. திரையில் அது நட் அளவுக்கு இருந்தது. பத்து நிமிஷம் போராடி வெளியே எடுத்தால், இடுக்கு அடைக்கும் சீலண்ட் பசையின் காய்ந்துபோன துணுக்கு, பொட்டுக்கடலை அளவுகூட இல்லை. அளவு தெரியாத கேமராவைக் கண்டால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

நாங்கள் பார்த்த விமானங்களில் வேறு எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் அந்த ராத்திரிகளில் என்னை உறுத்தியது வேறு.

அதற்கு முந்தைய வருஷம் அதே சர்வீஸ் லெட்டர் வேலையை நானும் செய்திருக்கிறேன். அந்த நட் இருக்கும் இடத்துக்குக் கண் போகாது. கண்ணாடி வைத்துப் பார்த்தால் கை போகாது. விரல் நுனியில் வாஷரை ஒட்டவைத்து, தடவித் தடவி, குருடன் ஊசிக்கு நூல் கோர்க்கிற கதைதான். ஒரு முறை வாஷர் நழுவி ஸ்டாண்ட் தட்டில் 'டிங்' என்று விழுந்தது. சத்தம் கேட்டதால் எடுத்தேன். சத்தம் கேட்காத இடத்தில் விழுந்திருந்தால்? வேலை முடிந்தது என்று டாஸ்க் கார்டில் கையெழுத்துப் போட்டு, "ஈஸிதான் சார்" என்று சொல்லிவிட்டுத் தோசை சாப்பிடப் போனேன்.

2009-ல் ஜப்பானிய அறிக்கை வந்தது. அதில் ஒரு வரியை நான் பலமுறை படித்திருக்கிறேன். அந்த வேலை எட்டாத இடத்தில் செய்ய வேண்டியது என்பதைப் போயிங்கும் கவனிக்கவில்லை, விமானக் கம்பெனியும் கவனிக்கவில்லை. வேலை செய்தவரும் மேற்பார்வை பார்த்தவரும், இது கஷ்டமான வேலை என்று வேலை கொடுத்தவரிடம் சொல்லவில்லை. எங்கோ தைவானில் முகம் தெரியாத ஒருவனைப் பற்றி எழுதியது. எனக்கு என்னைப் பற்றி எழுதின மாதிரியே இருந்தது. கஷ்டம் என்று சொன்னால் கை வராதவன் என்று நினைப்பார்களே என்கிற பயம் எங்கள் தொழிலில் எல்லோருக்கும் உண்டு.

வாஷர் விட்டுப்போனால் கழன்று விழுவதைத் தடுக்கும் ஏற்பாடு அந்த வடிவமைப்பில் இல்லை என்றும் அறிக்கை சொன்னது. 2011-ல் வந்த ஏ.டி. அதனால் "பார்" என்பதோடு நிற்கவில்லை, டவுன்ஸ்டாப் உதிரிகளையே புதிதாக மாற்று என்றது. ட்ராக்கின் பக்கவாட்டு கைடு போல்ட்டுகளும் அதோடு மாறின. என்னைக் கேட்டால் ஐந்து நட்சத்திரம் அந்த மாற்றத்துக்குத்தான். கேமரா எவ்வளவு நல்லதாக இருந்தாலும், விழுந்தபின்தான் காட்டும்.

விழாமலேயே கெட்டிருப்பதை அதுவும் காட்டாது. 2019 ஜூனில் இதே ஸ்லாட் ட்ராக்குக்கு இன்னொரு கூத்து. ஒரு துணை சப்ளையர் செய்த 148 பாகங்கள் வரை தரம் சரியில்லை, பிளேட்டிங் போடும்போது ஹைட்ரஜன் உள்ளே புகுந்து உலோகம் முறுகலாகியிருக்கலாம் என்று தெரிந்தது. உலகம் முழுக்க 133 பழைய 737-களிலும், மேக்ஸ் என்கிற புதிய 737-களில் 179-லும் தேட வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட ட்ராக் வெளியே பார்த்தால் மாப்பிள்ளை மாதிரி ஜம்மென்று இருக்கும். லாட் நம்பரை வைத்துத்தான் பிடித்தார்கள். எந்த லென்ஸுக்கும் அங்கே வேலையில்லை.

சரி, வாஷ்பேசின். ஒயரை விட்ட இரண்டாவது நிமிஷமே பேசினுக்குக் கீழே கிண்ணம் மாதிரி இருக்கும் பாட்டில் ட்ராப்பின் அடியில், முடிக்கற்றைக்கு நடுவே, மஞ்சளாக மினுக்கியது. அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "சரி, எடுங்க" என்றாள். காந்தத்தை மாட்டி இறக்கினேன். அது பாட்டுக்குத் திருகாணியைத் தாண்டிப் போனது. தங்கம் காந்தத்தில் ஒட்டாது என்று அவள் சொல்லித்தான் ஞாபகம் வந்தது. கொக்கியோ மெழுகு மாதிரி வளைகிறது, முடியைத்தான் பிடித்தது. கடைசியில் அடியில் வாளியை வைத்து ட்ராப்பைக் கையால் திருகிக் கழற்றி எடுத்தேன். அதற்கு கேமராவே தேவையில்லை என்று அவள் சொன்னது உண்மை. அவிழ்த்த ரப்பர் வாஷர்களைப் பேப்பரில் வரிசையாக வைத்து, இரண்டு தடவை எண்ணி மாட்டினேன். அதற்கும் சிரித்தாள்.

மொத்தத்தில் மூன்று நட்சத்திரம். ஏ.சி. வடிகால் குழாய், அலமாரிக்குப் பின்னால், சுவரில் ஒயர் போகும் பைப், இதற்கெல்லாம் தாராளமாக வாங்கலாம். எதையாவது வெளியே எடுக்கலாம் என்று நினைத்து வாங்காதீர்கள். ஐபோனில் வேலை செய்யுமா என்று ஆர்டர் போடும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள், என் மகனுடையதில் செய்யவில்லை.

இன்னொன்று. இதே பக்கத்தில் எனக்கு மேலே ஒருவர் ஐந்து நட்சத்திரம் கொடுத்து, "புல்லட் பெட்ரோல் டேங்குக்குள் விட்டுத் துரு பார்த்தேன், சூப்பர்" என்று எழுதியிருக்கிறார். தண்ணீர் புகாது என்று பெட்டியில் போட்டிருப்பது தண்ணீருக்குத்தான். ஆறு பல்பும் கரண்டு ஒயரும் உள்ள சாமானை ஆவி நிறைந்த டேங்குக்குள் விடாதீர்கள் தம்பி. அவருக்குத் தனியாகவும் பதில் போட்டிருக்கிறேன், இன்னும் பார்க்கவில்லை போலிருக்கிறது.