லீனியரைசேஷன் கருவி: பல வருஷம் பயன்படுத்திய பிறகு

அழுத்தக் கலன் வடிவமைப்பில், சுவரின் தடிமனுக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டு, அதில் கணினி கணக்கிட்ட தகைவை (உலோகத்துக்குள் ஓரலகுப் பரப்பில் வரும் விசை) மெம்பிரேன் (தடிமன் முழுக்கச் சராசரி), பெண்டிங் (ஒரு முகத்திலிருந்து மறு முகத்துக்கு நேர்கோடாக மாறும் பகுதி), பீக் (மீதமுள்ள உள்ளூர் உச்சம்) என்று பிரித்துத் தரும் லீனியரைசேஷன் கருவியைப் பல வருஷமாகப் பயன்படுத்துகிறேன். நாசில் (கலனோடு குழாய் சேரும் வாய்) வேலைகளில் பெரும்பாலானவற்றை இன்றும் இதை வைத்துத்தான் முடிக்கிறேன்.

இதன் பெரிய பலம் கணினிப் படத்தில் உச்சத் தகைவைக் காட்டும் சிவப்பு நிறத்தின் பயத்தைப் போக்குவதுதான். நாசிலும் ஷெல்லும் (கலனின் உடல் சுவர்) சேரும் கூர்மையான உள்மூலையில் மெஷ்ஷைப் (கணக்குக்காக உருவத்தைப் பிரிக்கும் சிறு துண்டுகள்) பொடியாக்க ஆக்க, உச்சத் தகைவு ஏறிக்கொண்டே போகும். அந்த எண்ணைப் பார்த்துத் தடிமனைக் கூட்டச் சொல்வது வீண் செலவு. அதே இடத்தில் மெம்பிரேனும் பெண்டிங்கும் ஓரளவு நல்ல மெஷ்ஷிலேயே நிலைத்துவிடும். பீக் பகுதி சோர்வுக் (சுமை திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதால் வரும் விரிசல்) கணக்குக்கு மட்டும்தான் வேண்டும்.

எந்தத் தகைவு முதன்மை (சுமையைத் தாங்க அவசியமானது), எது இரண்டாம் நிலை (பகுதிகள் ஒன்றையொன்று பிடிப்பதால் வருவது) என்பதைக் கருவி சொல்லாது. அமெரிக்க அழுத்தக் கலன் விதியான ஏ.எஸ்.எம்.இ. பிரிவு 8, டிவிஷன் 2 படி பொது மெம்பிரேனுக்கு வரம்பு அனுமதித் தகைவு. உள்ளூர் மெம்பிரேனுக்கு அதன் 1.5 மடங்கு, முதன்மை பெண்டிங்கையும் சேர்த்தாலும் அதே 1.5 மடங்கு. தட்டையான மூடியின் நடுவில் வரும் பெண்டிங் முதன்மை வகை. அதே மூடி ஷெல்லோடு சேரும் ஓரத்தில் வருவது பொதுவாக இரண்டாம் நிலை, அதற்கு வரம்பு தாராளம். ஆனால் நடுவின் பெண்டிங்கை வரம்புக்குள் வைத்திருப்பதே அந்த ஓரத்தின் பிடிப்புதான் என்றால், ஓரத்தையும் முதன்மையாகவே எடுக்க வேண்டும். இதை அறிக்கைகளில் கவனிக்காமல் விடுபவர்கள் நிறைய.

இன்னொரு தொல்லை, தடிமன் திசைத் தகைவுக்கும் பெண்டிங் கணக்குப் போட்டுவிடும் மென்பொருள்கள். விதிப்படி சுற்றுத் திசைக்கும் நீள்திசைக்கும் மட்டும்தான் பெண்டிங் எடுக்க வேண்டும். முடிவைப் படிக்கும் முன் அந்த அமைப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு கைக்கணக்கு. 2 மெகாபாஸ்கல் அழுத்தம், 1000 மி.மீ. ஆரம், 20 மி.மீ. தடிமன் என்றால், நாசிலை விட்டுத் தள்ளிச் சுற்றுத் தகைவு சுமார் 100 மெகாபாஸ்கல், நீளவாக்கில் 50. எல்லாத் திசைத் தகைவுகளையும் ஒரே எண்ணாக்கும் வான் மிசஸ் தகைவு 87 பக்கம் காட்டும். 'ஏன் 100 வரவில்லை?' என்று புதியவர்கள் பதறுவார்கள். 2007 பதிப்பிலிருந்து டிவிஷன் 2 வான் மிசஸுக்கு மாறிவிட்டது, அவ்வளவுதான். இந்த எண்ணே பொருந்தவில்லை என்றால் மூலையைப் பார்ப்பதில் பயனில்லை.

ஆரத்துக்கும் தடிமனுக்கும் உள்ள விகிதம் 4 அல்லது அதற்குக் கீழே போனால், இந்த முறையை விதியே பரிந்துரைப்பதில்லை. அங்கே நான் எலாஸ்டிக்-பிளாஸ்டிக் பகுப்பாய்வுப் (உலோகம் நிரந்தரமாக நெளிவதையும் கணக்கில் எடுப்பது) பக்கம் போய்விடுவேன். டிவிஷன் 2-இன் கிளாஸ் 2 கலன் என்றால் அழுத்தத்தையும் சுய எடையையும் 2.4 மடங்காக்கி ஓட்டும்போது தீர்வு ஒருங்கினால் (கணக்கு ஒரு விடையில் நிலைத்தால்), கலன் மொத்தமாகச் சரியாது என்று எடுத்துக்கொள்ளலாம். வகை பிரிக்கும் வாக்குவாதமே கிடையாது. உள்ளூர் முறிவு, ராட்செட்டிங் (ஒவ்வொரு சுமைச் சுழற்சியிலும் கூடிக்கொண்டே போகும் நிரந்தர நெளிவு), சோர்வு மூன்றையும் தனியாகப் பார்க்க வேண்டும். ஓட நேரம் பிடிக்கும். உலோகத்தின் தகைவு-திரிபு வளைவை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று சரிபார்ப்பவர் கட்டாயம் கேட்பார்.