ஊற்றங்கரைப் புதையல் வேட்டை: போனா, கைக்கருவியா?

ஃப்ளோரிடாவின் ஒகாலா தேசிய வனத்துக்கு ஜியோகேச்சிங் என்ற புதையல் விளையாட்டுக்குப் போகக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது இதுதான்: கையில் இருக்கிற போன் போதாதா, ஜிபிஎஸ் கருவி என்று தனியாக ஒன்று வாங்கியே ஆகவேண்டுமா? கடையில் கேட்டால் துல்லியத்தைப் பற்றிப் பேசுவார்கள். அது பாதிப் பதில்தான். ஒகாலாவில் போன் காலை வாருவது பெரும்பாலும் துல்லியத்தில் அல்ல. ஈர விரலிலும், உச்சி வெயிலிலும், மதியத்துக்குள் தீர்ந்துபோகும் சார்ஜிலும்தான்.

விளையாட்டு எளிது. ஒருவர் பெட்டியை (இதைக் கேச் என்பார்கள்) ஒளித்துவைத்து அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை வெளியிடுவார். மற்றவர்கள் தேடி எடுத்து, உள்ளே இருக்கும் தாளில் கையெழுத்துப் போட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை 2000 மே மாதத் தொடக்கத்தில் நிறுத்தியது. அதுவரை 100 மீட்டர் வரை தள்ளிக் காட்டிய கருவிகள் ஒரே இரவில் நேர்ப்பட்டன. மே 3 அன்றே டேவ் அல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் முதல் வாளியை ஒளித்து எண்களை இணையத்தில் போட்டுவிட்டார்.

ஒகாலாவில் ஒரு வினோதம் உண்டு. வனத்தின் பெரும்பகுதி மணல் பைன் மரங்களும் குட்டைப் புதர்களும். வானம் திறந்து கிடக்கும். ஜூனிபர், அலெக்சாண்டர், சால்ட், சில்வர் க்ளென் ஊற்றுகளைச் சுற்றி மட்டும் ஈரத்தில் செழித்த ஓக் மரங்களும் சபால் பனைகளும் கூரை போட்டது போல நிற்கும். ஜிபிஎஸ்ஸின் அடிப்படை அலைவரிசை 1575.42 மெகாஹெர்ட்ஸ். இலையில் இருக்கும் நீர் அதை உறிஞ்சிக்கொள்ளும்; அடிமரத்தில் பட்டுத் தெறித்த அலை நேர் அலையைவிடத் தாமதமாக வந்து சேரும். கருவி அந்தத் தாமதத்தைத் தூரமென்று எண்ணிக்கொள்ளும். அதனால் கார் நிறுத்துமிடத்தில் 3 மீட்டர் பிழை காட்டிய கருவி, ஊற்றங்கரையில் 8, 10 மீட்டர் என்று நகரும். தேட வேண்டிய இடம் எதுவோ அங்கேதான் சிக்னல் மோசம்.

இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஒளித்தவரும் இதே மரத்தடியில் நின்றுதான் எண்களை எடுத்தார். அவர் பக்கம் 5 மீட்டர், உங்கள் பக்கம் 5 மீட்டர் என்றால் வழக்கமாக 7, மிஞ்சினால் 10 மீட்டர் தள்ளிப்போகும். 10 மீட்டர் ஆரமுள்ள வட்டம் 314 சதுர மீட்டர். நம் ஊர்க் கணக்கில் கிட்டத்தட்ட ஒன்றரை கிரவுண்டு மனை. எவ்வளவு விலைகொடுத்துக் கருவி வாங்கினாலும் ஒளித்தவருடைய பிழையை அது திருத்தாது.

இனி ஒவ்வொன்றாக.

போனுக்கு உள்ள பெரிய பலம், ஒவ்வொரு கேச்சுக்கும் இணையத்தில் இருக்கும் அறிவிப்புப் பக்கம். பெட்டியைப் பற்றிய விளக்கம், குறிப்பு, முன்பு தேடியவர்கள் எழுதிய பதிவுகள், படங்கள் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். 'கடந்த நான்கு பேரும் காணவில்லை என்கிறார்கள்' என்ற ஒரு தகவல் ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும். ஆண்ட்ராய்டில் சி:ஜியோ என்ற ஜியோகேச்சிங் செயலி இலவசம். 2018க்குப் பிறகு வந்த சில போன்களில் 1176.45 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் இரண்டாவது அலைவரிசையும் இருக்கிறது. தெறித்து வரும் அலையைப் பிரித்தறிய அது நன்றாக உதவும். அப்படிப்பட்ட போன், இலைக்கூரையின் கீழ் பழைய கைக்கருவியைவிடச் சரியாகக் காட்டுவதும் உண்டு.

குறைகளில் முதலாவது தொடக்கம். போன் சட்டென்று இடம் காட்டுவதற்குக் காரணம், செயற்கைக்கோள்களின் இருப்பை மொபைல் நெட்வொர்க் வழியாகக் கேட்டு வாங்கிக்கொள்வதுதான். காட்டுக்குள் டவர் விட்டு விட்டுத்தான் கிடைக்கும். நெட்வொர்க் இல்லாவிட்டால் ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் பாதை விவரத்தை அனுப்பி முடிக்கும் 30 விநாடியும் இடைமுறியாமல் கேட்க வேண்டும். எல்லாச் செயற்கைக்கோள்களின் பொதுப் பட்டியலையும் வாங்க 12.5 நிமிடம் பிடிக்கும். மரத்தடியில் சிக்னல் அறுந்து அறுந்து வந்தால் இது முடியவே முடியாது. ஆகவே ஜிபிஎஸ்ஸைத் திறந்த வெளியில், காரை விட்டு இறங்கியதும் இயக்கிவிட வேண்டும். வரைபடமும் கேச் பட்டியலும் வீட்டிலேயே இறக்கிவைத்திருக்க வேண்டும். பிறகு ஏரோபிளேன் மோடில் போட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். டவரைத் தேடித் தேடியே தீர்கிற சார்ஜ் மிச்சம். அப்படியும் 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் இல்லாமல் நாள் முழுக்க நடக்கத் துணியக் கூடாது.

இரண்டாவது குறை ஈரம். தொடுதிரை விரலின் மின்னூட்டத்தை வைத்து இயங்குவது. வியர்வையோ ஊற்று நீரோ பட்டால் அது விரலையும் துளியையும் குழப்பிக்கொள்ளும். நீர்புகாப் பையில் போட்டால் போன் பிழைக்கும், தொடுகை இன்னும் மந்தமாகும். கனோ என்ற துடுப்புப் படகில் போகிறவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும், கைக்கருவி வாங்க.

கைக்கருவிகளில் கார்மினின் ஈட்ரெக்ஸ் வரிசைதான் பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும். அதில் 22எக்ஸ், 32எக்ஸ், எஸ்இ என்ற மூன்று மாடல்களுக்கும் பொதுவான நற்குணங்கள்: பித்தான்கள், வெயில் பட்டால் இன்னும் தெளிவாகத் தெரியும் திரை, ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாக்குப்பிடிக்கும் உடல், இரண்டு ஏஏ செல். நம் வீட்டுச் சுவர்க் கடிகாரத்துக்குப் போடுவோமே, அதே செல்தான். எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும்.

ஆனால் மூன்றும் ஒன்றல்ல. 22எக்ஸ் மாடலில் வரைபடம் உண்டு, திசைகாட்டி கிடையாது. அதன் முள் நீங்கள் நடக்கும்போது மட்டுமே திசை காட்டும், நின்றால் உளறும். பெட்டிக்குப் பக்கத்தில் வந்து மெதுவாகத் திரும்பித் திரும்பிப் பார்க்கும்போது இது எரிச்சலின் உச்சம். 32எக்ஸில் மின்திசைகாட்டி இருக்கிறது. ஆனால் செல் மாற்றும் ஒவ்வொரு முறையும் அளவுதிருத்தம் செய்ய வேண்டும். பலர் இதை மறந்துவிட்டுக் கருவியைத் திட்டுவார்கள். 2023இல் வந்த எஸ்இ மாடலிலும் திசைகாட்டி உண்டு. 168 மணி நேரம் ஓடும் என்று கணக்கு. வரைபடம் மட்டும் இல்லை; கேச் விவரங்களைப் போனோடு இணைத்து இறக்கிக்கொள்ளலாம். ரீசார்ஜ் செல் போடுகிறவர்கள் அமைப்பில் செல் வகையை மாற்ற மறக்கக் கூடாது. 1.2 வோல்ட் செல்லைச் சாதா செல் என்று நம்பும் கருவி, பாதி சார்ஜ் இருக்கும்போதே 'தீர்ந்தது' என்று காட்டும்.

கார்மினின் இன்னொரு கைக்கருவியான ஜிபிஎஸ்மேப் 67 இரண்டு அலைவரிசையையும் வாங்கும். அடர்ந்த கூரையின் கீழ் இவற்றில் மிக நிதானமான முள் இதனுடையதுதான். பெட்டி ஒளிக்கிறவர்களுக்கு இதைத் தயங்காமல் சொல்லலாம், ஏனென்றால் அவர்களுடைய பிழை வந்து தேடும் எல்லார் தலையிலும் விழும். தேட மட்டும் போகிறவர்களுக்கு இந்த விலை அதிகம். ஜிபிஎஸ் கைக்கடிகாரம் பற்றி நீட்ட ஒன்றுமில்லை: பாதை பதிவதற்கு நல்லது, குறிப்பு வாசிக்க உதவாது.

| | போன் | ஈட்ரெக்ஸ் எஸ்இ | ஈட்ரெக்ஸ் 32எக்ஸ் | ஜிபிஎஸ்மேப் 67 |
|---|---|---|---|---|
| அறிமுக விலை, டாலர் | கையில் உள்ளது | 149.99 | 299.99 | 499.99 |
| ஓடும் நேரம் | பவர் பேங்க் தேவை | 168 மணி | 25 மணி | 180 மணி |
| மின்சக்தி | உள் பேட்டரி | 2 ஏஏ | 2 ஏஏ | உள் பேட்டரி |
| இரண்டு அலைவரிசை | சிலவற்றில் | இல்லை | இல்லை | உண்டு |
| ஈர விரல் | தகராறு | சிக்கலில்லை | சிக்கலில்லை | சிக்கலில்லை |

எங்கள் தீர்ப்பு: நடக்க எஸ்இ, வாசிக்க போன். இரண்டும் சேர்ந்தாலும் 67இன் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும்.

எதை வாங்கினாலும் எண்களைத் தப்பாக உள்ளிட்டால் எல்லாம் வீண். இந்த விளையாட்டின் வழக்கம் பாகையும் தசம நிமிடமும். 29° 11.500' என்பதை 29.11500 என்று அடித்தால் எட்டரை கிலோமீட்டர் தெற்கே போய் நிற்பீர்கள். 11 நிமிடம் 50.0 விநாடி என்று படித்தால் 617 மீட்டர் வடக்கே. தீர்க்கரேகையில் மேற்குக் குறியை விட்டுவிட்டால் ஒகாலாவுக்குப் பதில் நேபாளம்! கடைசி இலக்கத்தில் ஒன்று பிசகினால் அட்சத்தில் 1.85 மீட்டர், இந்த இடத்தின் தீர்க்கத்தில் 1.62 மீட்டர், அது பொறுக்கக்கூடியது. கருவியின் டேட்டம் (இட எண்களுக்கு அடிப்படையான பூமி அளவுமுறை) டபிள்யூஜிஎஸ்84 என்று இருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.

கருவிக்கு அடுத்த தேர்வு, எந்த வகைக் கேச் என்பது. கொடுத்த எண்களிலேயே இருக்கும் நேர்ப் பெட்டி குழந்தைகளோடு போகிறவர்களுக்கு. ஒரு கட்டம் அடுத்த கட்டத்துக்கு வழி சொல்லும் பலகட்டக் கேச் அரை நாளைக் கேட்கும். 'இங்கிருந்து 300 மீட்டர், 40 பாகை' என்ற வகைக் கட்டம் வந்தால் உண்மை வடக்கா காந்த வடக்கா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கே காந்த முள் 6 பாகை அளவுக்கு மேற்கே சாய்ந்திருக்கிறது. 300 மீட்டரில் அது 30 மீட்டருக்கு மேல் தள்ளிவிடும்.

ஊற்றுக்கு என்றே பொருந்துவது எர்த்கேச்தான். பெட்டி கிடையாது. இடத்துக்குப் போய், நிலவியல் கேள்விகளுக்குப் பதில் கண்டு, அமைத்தவருக்கு அனுப்ப வேண்டும். ஒளிக்க எதுவும் இல்லாததால் கரை மிதிபடாது, மண்ணும் கலையாது. வனத்துக்குள் இருக்கும் ஜூனிபர் ப்ரெய்ரி காப்புப் பகுதி போன்ற இடங்களில் பெட்டி வைக்க வன இலாகா விடுவதில்லை. எர்த்கேச்சுக்கு அந்தச் சிக்கல் குறைவு. இங்கே 10 மீட்டர் பிழையும் பொருட்டல்ல, ஊற்று கண்ணுக்குத் தெரியுமே. எர்த்கேச் மட்டும் தேடுகிறவர்கள் கைக்கருவிக்குச் செலவழிக்க வேண்டாம்.

ஜூனிபருக்குப் பக்கத்தில் உள்ள ஃபெர்ன் ஹேமக்கில் மரப்பாலத்தின் மேல் நின்று பார்த்தால், அடிமணல் கஞ்சி கொதிப்பதுபோலப் பொங்கிப் பொங்கி அடங்கும். சூடு காரணமல்ல, அடியிலுள்ள சுண்ணாம்புப் பாறை நீர்த்தேக்கத்தின் அழுத்தம்தான் நீரை மணலுக்குள் தள்ளுகிறது. ஆண்டு முழுக்க நீரின் வெப்பம் 22 செல்சியஸ் அளவிலேயே நிற்கும். ஊற்று எந்தத் தரம் (விநாடிக்கு எவ்வளவு நீர் வருகிறது என்பதை வைத்துப் பிரிப்பது) என்று கேள்வி வந்தால் ஓடையை வைத்து மதிப்பிடலாம். நேரான 10 மீட்டர் நீளத்தைப் பார்த்துவைத்து, அதில் மிதந்துவரும் இலைகள் மூன்றுக்கு நேரம் பாருங்கள். சராசரி 25 விநாடி என்றால் மேற்பரப்பு வேகம் விநாடிக்கு 0.4 மீட்டர். அடிநீர் மெதுவாக ஓடுவதால் 0.85ஆல் பெருக்கினால் 0.34. அகலம் 4 மீட்டர், சராசரி ஆழம் 0.3 மீட்டர் என்றால் விநாடிக்கு 0.41 கன மீட்டர். முதல் தரத்துக்கு 2.83க்கு மேல் வேண்டும், இரண்டாம் தரத்துக்கு 0.283 போதும், ஆகவே இது இரண்டாம் தரம். ஆழத்தைக் கரையோரத்தில் மட்டும் அளந்து கணக்குப் போடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

பெட்டியைத் தேடுகிறவர்கள் 10 மீட்டருக்குள் வந்ததும் முள்ளைப் பின்தொடர்வதை விடவேண்டும். கருவியைத் தரையில் வைத்து இரண்டு நிமிடம் நிலைக்க விடுங்கள். பிறகு 15 மீட்டர் பின்வாங்கி, வேறொரு பக்கத்திலிருந்து நேராக நடந்து வாருங்கள். மூன்று பக்கத்திலிருந்தும் முள் காட்டும் கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடமே தேட வேண்டிய இடம். அங்கே இயற்கையாக அமையாததைப் பாருங்கள்: வரிசையாக அடுக்கிய குச்சிகள், வேர்ப்பொந்தை மூடிய பட்டை. தோண்ட வேண்டியதே இல்லை. நிலத்துக்கு உரியவரின் அனுமதி இல்லாமல் மண்ணைப் பறித்துப் பெட்டி வைக்க விளையாட்டின் விதியே விடுவதில்லை. இருட்டுப் பொந்துக்குள் கையை விடாமல் கோலை விட்டுப் பாருங்கள், பாம்பு உண்டு.

திறந்த பெட்டியில் தாள் ஊறிக்கிடந்தால் காரணம் அநேகமாக மூடிதான். ஃபிலிம் டப்பா இந்த ஈரப்பதத்தில் தாங்காது. கிளிப் டப்பாவின் காதுகள் வெயிலில் முறுகி உடையும். ரப்பர் வளையம் போட்ட ராணுவத் தோட்டாப் பெட்டியும், சோடா பாட்டிலாக ஊதப்படும் முன் இருக்கும் தடித்த திருகுமூடிக் குழாயும்தான் நிற்பவை. தின்பண்டம் எதையும் உள்ளே வைக்காதீர்கள். ஃப்ளோரிடாவிலேயே கருங்கரடி மிகுதியாக உள்ள காடு இது. மிட்டாய் வாசனைக்குப் பெட்டியே கிழிந்துபோகும்.

குளிர்காலத்தில், ஏறத்தாழ நவம்பர் முதல் ஜனவரி வரை, துப்பாக்கி வேட்டைக் காலம். மான் வேட்டைக்காரர்களே இடுப்புக்கு மேல் 500 சதுர அங்குலம் பளீர் ஆரஞ்சு அணிய வேண்டும் என்பது சட்டம். நீங்களும் ஒரு ஆரஞ்சு மேற்சட்டை போட்டுக்கொள்ளுங்கள். உண்ணிக்கு நீளக் காலுறைக்குள் பேன்ட்டைச் செருக வேண்டும். வனச் சாலைகளில் சில இடங்களில் மணல் சர்க்கரை மாதிரி உதிரும். சிறிய கார் என்றால் தார்ச்சாலை ஓரத்திலேயே நிறுத்திவிட்டு, நிறுத்திய இடத்தை மறக்காமல் கருவியில் குறித்துக்கொண்டு நடங்கள்.