உச்சி வெயிலில் சுற்றுகிறவருக்கு முதல் கேமரா: கேனான் ஆர்50

நேராக விஷயத்துக்கு வருகிறேன். கேனான் ஆர்50 நல்ல கேமரா, அதோடு பெட்டியில் வரும் 18-45 லென்ஸ் சுமார்தான். கல்யாண ஆர்டர் பிடிக்கும் எண்ணமெல்லாம் இல்லை, ஞாயிற்றுக்கிழமையானால் தோட்டம், குளம், ஊர் நோம்பி என்று சுற்றி ஆசைக்குப் படம் எடுக்க வேண்டும், அவ்வளவுதான் என்றால் தாராளமாக வாங்கலாம். ஆனால் கையில் இருக்கும் காசு மொத்தத்தையும் பாடியில், அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கேமராவில், போட்டுவிட்டு லென்ஸுக்கு ஒன்றும் மிச்சம் வைக்காவிட்டால் கொஞ்ச நாளில் கேமரா பீரோவுக்குள் போய்விடும்.

சித்தி பையன் கேட்டான், "ஏனுங்கண்ணா, போன்லயே இருநூறு மெகாபிக்சல் இருக்குதுங்களே, இதுல வெறும் இருபத்திநாலுதானுங்களா?" என்று. அந்த 24 மெகாபிக்சலில் 20 அங்குல அகலத்துக்குத் தெளிவாகப் பிரிண்ட் போடலாம், வீட்டுச் சுவருக்கு அது போதும். வித்தியாசம் எண்ணிக்கையில் இல்லை, வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சென்சாரின் அளவில் இருக்கிறது. ஆர்50-இல் இருப்பது ஏபிஎஸ்-சி என்ற அளவுள்ள சென்சார், போன் சென்சாரைவிட நன்றாகவே பெரியது.

இந்த விலைக்கு வேறு கேமராக்களும் உண்டு. சோனி இசட்வி-இ10, நிக்கான் இசட்30 இரண்டுமே நல்லவைதான், வீடியோ எடுப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். நான் அவற்றை ஒதுக்கியதற்கு ஒரே காரணம், இரண்டிலும் வியூஃபைண்டர் கிடையாது. கடைக்குள் ஏசியில் நின்று பார்த்தால் திரை பளிச்சென்று இருக்கும். சித்திரை மாதம் காங்கேயம் பக்கம் ஒரு மேய்ச்சல் காட்டில் பகல் பன்னிரண்டு மணிக்கு அதே திரையைப் பாருங்கள், உங்கள் முகம்தான் தெரியும். கண்ணை ஒட்டி வைத்துப் பார்க்க ஒரு ஓட்டை இல்லாத கேமரா நம் ஊர் வெயிலுக்கு ஆகாது என்பது என் கட்சி. ஆர்50-இன் வியூஃபைண்டர் சின்னதுதான், கண்ணாடி போட்டவர்களுக்குக் கொஞ்சம் இடிக்கும், ஆனாலும் இருக்கிறது.

ஃபோகஸ் பற்றிக் குறை சொல்லவே முடியாது. ஆள், நாய், பூனை, பறவை எல்லாவற்றின் கண்ணையும் அதுவே தேடிப் பிடித்துக்கொள்கிறது. ரேக்ளா பந்தயத்தில் வண்டி நேராக நம்மைப் பார்த்து ஓடி வரும்போதுகூட ஓட்டுகிறவர் முகத்தை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தது. வினாடிக்கு 12 படம் எடுக்கும், ஆனால் ரா ஃபார்மட்டில் (சுருக்காத பெரிய ஃபைல்) வைத்தால் சீக்கிரமே மூச்சு வாங்கி நின்றுவிடுகிறது, வண்டி கிட்டே வரும்வரை விரலை அடக்கி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஜேபெக்கில் எடுங்கள்.

இனி லென்ஸ். 18-45 சின்னது, 130 கிராம்தான், பாடியோடு சேர்த்தாலே அரைக் கிலோதான் வரும், பைக் டேங்க் கவரில் போட்டுக்கொண்டு போய்விடலாம். வெளியே வெளிச்சத்தில் குறையில்லை. ஆனால் ஜூம் செய்து 45-க்குத் தள்ளினால் துளை எஃப் 6.3 ஆகிவிடும் (எஃப் எண் கூடினால் துளை சின்னதாகும்), உள்ளே வரும் வெளிச்சம் ரொம்பக் குறைவு. பல்லடம் பக்கம் சொந்தக்காரர் தறி ஷெட்டில் ஒரு சாயங்காலம் எடுத்தேன், மேலே வரிசையாக ட்யூப் லைட், மனுசன் கண்ணுக்கு வெளிச்சம்தான், கேமராவுக்கு இருட்டு. இருட்டில் கேமரா கூட்டிக்கொள்ளும் உணர்திறன் எண்ணான ஐஎஸ்ஓ 6400-ஐத் தாண்டிப் போய் மாமா முகத்தில் மணல் கொட்டினது மாதிரி ஆகிவிட்டது. அதே இடத்தில் 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸை மாட்டினால் கணக்குப்படி பன்னிரண்டு மடங்கு வெளிச்சம் வருகிறது, முகமும் நூலும் தனித்தனியாகத் தெரிகிறது. பாடிக்கு அடுத்து வாங்க வேண்டியது இந்த லென்ஸ்தான், வேறு எதுவும் இல்லை. என்ன, ஏபிஎஸ்-சியில் அது 80 எம்எம் மாதிரி நடந்துகொள்ளும், காட்சி குறுகலாகத்தான் அடங்கும், சின்ன அறையில் சுவரோடு சுவராக ஒட்டி நிற்க வேண்டி வரும். வீட்டுக்குள் குழந்தைகளை எடுப்பதுதான் முக்கியம் என்பவர்கள் சிக்மா 18-50 எஃப் 2.8-ஐப் பார்க்கலாம், 2024 முதல் ஆர்50-இல் நேராக மாட்டும் கேனான் ஆர்எஃப் மவுண்ட்டிலேயே கிடைக்கிறது, விலை கூடுதல்.

ட்யூப் லைட் பேச்சு வந்ததால் இன்னொன்று. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், பழைய ட்யூப் லைட்டும் மட்டமான எல்இடியும் வினாடிக்கு நூறு தடவை மினுக்கும். சத்தம் வராத எலக்ட்ரானிக் ஷட்டரில் வேகமாக எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். தறிச் சத்தத்தில் க்ளிக் சத்தம் யாருக்குக் கேட்கப் போகிறது, சாதா ஷட்டரில் 1/50 அல்லது 1/100 வைத்துக்கொள்ளுங்கள்.

பறவை ஆசை இருப்பவர்கள் இதில் கை வைப்பதற்கு முன் நன்றாக யோசிக்க வேண்டும். 2024-இல் ராம்சார் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த நஞ்சராயன் குளம் திருப்பூரிலேயே இருக்கிறது, ஈரோட்டுக்காரர்களுக்கு வெள்ளோடு பறவைகள் சரணாலயம். இரண்டிலும் பறவை தண்ணீருக்கு நடுவில்தான் உட்காரும், 55-210 லென்ஸில் எடுத்தால் புள்ளியாகத்தான் வரும். 100-400 வேண்டும், 400-இல் அது எஃப் 8, அதனால் நல்ல காலை வெயில் வேண்டும். அவ்வளவு செலவு முடியாது என்றால் நிக்கான் பி950 ஒரு வழி, லென்ஸ் மாற்றவே தேவையில்லாமல் 2000 எம்எம்முக்குச் சமமாக இழுக்கும், ஆனால் சென்சார் ஏபிஎஸ்-சியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வெயில் தாழ்ந்தால் கதை முடிந்தது.

தூசு ஒரு பெரிய தொல்லை. பாடியில் தூசுக் காப்பு கிடையாது, மிர்ரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத வகை) என்பதால் லென்ஸைக் கழற்றியதும் சென்சார் அப்படியே திறந்து கிடக்கும். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது உடுமலை, பொள்ளாச்சி பக்கம் வெட்டவெளியில் லென்ஸ் மாற்றவே கூடாது, காருக்குள் உட்கார்ந்து பாடியைக் கீழே பார்க்கப் பிடித்துக்கொண்டு மாற்றுங்கள். தறி ஷெட்டுக்குள் பஞ்சு பறக்கும், அங்கேயும் வேண்டாம்.

பழைய ஃப்ளாஷ் சல்லிசாக வருகிறதே என்று யாரிடமாவது வாங்கிவிடாதீர்கள். ஆர்50-இன் மேல் ஷூவில், அதாவது ஃப்ளாஷ் மாட்டும் இடத்தில், பழைய தொடுமுனைகள் கிடையாது, ஏடி-இ1 என்ற அடாப்டர் தனியாக வாங்கினால்தான் பழைய ஃப்ளாஷ் எரியும். எனக்கு விற்ற கடையில் இதைப் பற்றி மூச்சு விடவில்லை, ஆனால் ட்ரைபாட், ஃபில்டர், க்ளீனிங் கிட் என்று ஒவ்வொன்றாகத் தலையில் கட்டப் பார்த்தார்கள்.

காசு இன்னும் குறைவா, சரி, செகண்ட் ஹேண்டில் கேனான் 1500டி தேடுங்கள். 2018-இல் வந்த டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி இருக்கும் பழைய வகை), 9 ஃபோகஸ் புள்ளிதான், வினாடிக்கு 3 படம்தான், ரேக்ளாவுக்கு உதவாது. ஆனால் அதற்கான 50 எம்எம் எஃப் 1.8 பழையது நிறையவே கிடைக்கும், பேட்டரியும் நன்றாக நிற்கும், எக்ஸ்போஷர், அதாவது வெளிச்சத்தைக் கட்டுப்படுத்துவது, பழக இது போதும். வாங்கும்போது லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், சிலந்தி நூல் போல ஏதாவது தெரிந்தால் பூஞ்சை பிடித்திருக்கிறது என்று அர்த்தம். வால்பாறை, ஊட்டி போன்ற ஈரமான ஊரில் இருந்த லென்ஸ் என்றால் இரண்டு தடவை பாருங்கள்.

புதிது வாங்குகிறவர்கள் பில்லில் சீரியல் நம்பர் இருக்கிறதா, அது கேமராவில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா, இந்திய வாரண்டி அட்டை உண்டா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். மெமரி கார்டு மட்டும் அதிவேகமான, விலை உயர்ந்த யூஎச்எஸ்-2 வகை வேண்டாம், ஆர்50 அந்த வேகத்தில் எழுதாது, வி30 என்று வேகக் குறி போட்ட சாதாரண 64 ஜிபி கார்டு போதும்.