டிரம்ல டீசல் வெச்சு 6 வருஷம்: கெடுத்தது குளுரு இல்ல, தண்ணி

மலேசியா கேமரன் மலை ரிங்லெட்ல காய்கறி லோரி ஓட்டுறேன், சின்னதா ஒரு கோல்ட் ரூம் இருக்கு, கரண்டு போனா ஜென்செட்தான் கதி, அதனால 2019லேர்ந்து 200 லிட்டர் டிரம்ல டீசல் வாங்கி வெச்சிருக்கேன்.

மொத ரெண்டு வருஷம் ஒன்னும் ஆகல. 2021 கடைசி மழையில ஒரு விடிகாலை கரண்டு போச்சு, ஜென்செட் எடுத்து ரெண்டே நிமிஷம், திக்கித் திக்கி நின்னுடுச்சு. ஃபில்டரைக் கழட்டினா உள்ள கறுப்பா வழவழன்னு சளி மாதிரி. ஒர்க்‌ஷாப் அண்ணன்லேர்ந்து எல்லாரும் சொன்னது ஒன்னுதான், "மலைக் குளுரு தம்பி, பாமாயில் கலந்த டீசல் உறைஞ்சிருச்சு". நானும் நம்பி ரெண்டு மாசம் டிரம்முக்கு சாக்கு போத்தி வெச்சேன், திரும்பவும் அதே கத.

பாமாயில் பயோடீசல் தனியா இருந்தா 15 டிகிரி கிட்டயே கலங்க ஆரம்பிக்கும், அது உண்மைதான். ஆனா நான் ஊத்துறது பி7, கலப்பு 7 சதவீதம் வரைக்கும்தான். சந்தேகம் தீரட்டும்னு டிரம்மோட அடியிலேர்ந்து ஒரு கண்ணாடி பாட்டில்ல எடுத்து வெயில்ல வெச்சேன். மெழுகா இருந்தா சூட்டுக்குக் கரையணும். கரையல. அடியில தண்ணி, அதுக்கு மேல கறுப்பா ஒரு படலம், அதுக்கு மேல டீசல். தண்ணி இருந்தா அங்கதான் கிருமி குடியேறி டீசலைத் தின்னு வளரும், பயோடீசல் ஈரத்தை வேற இழுக்கும்.

தண்ணி எங்கேர்ந்து வந்துச்சு? டிரம் வெட்டவெளியில நின்னுச்சு, மழைத்தண்ணி மேல்தட்டுல தேங்கும். பகல் சூட்டுல உள்ள இருக்குற காத்து விரிஞ்சு வெளிய போவும், ராத்திரி குளுந்ததும் சுருங்கி மூடி மரை வழியா அந்தத் தண்ணியையே உறிஞ்சிக்கும். பாதி காலியான டிரம்னா உள்சுவத்துல வேற வேர்த்து வழியும். குளுருக்குப் பங்கு இருக்கு, ஆனா இந்த வழியா.

இப்ப டிரம் கூரைக்குக் கீழ, படுக்க வெச்சு, ரெண்டு மூடியும் ஒரே மட்டத்துல, டீசலுக்குள்ள முழுகுற மாதிரி. எடுக்குறப்ப மட்டும் நிமித்தி ஒரு நாள் விட்டு, பம்பு குழாயை அடியிலேர்ந்து ரெண்டு இஞ்ச் மேல நிறுத்துவேன். ஜென்செட்டுக்கு டீசல்லேர்ந்து தண்ணியைப் பிரிக்குற வாட்டர் செபரேட்டர் மாட்டி, அதுல தேங்குற தண்ணியை ஞாயித்துக்கிழமை தவறாம திறந்து விடுறேன். மூனு மாசத்துக்கு மேல எந்த டீசலும் இருக்காது, பழசு லோரிக்குப் போயிரும்.

டீசல்ல ஊத்துற கிருமிநாசினி வாங்குறவங்க ஒன்னு கேட்டுக்குங்க, டேங்கைக் கழுவாம ஊத்தாதீங்க. நான் ஊத்தி, செத்த கிருமிச் சளியெல்லாம் கிளம்பி வந்து ஒரே வாரத்துல நாலு ஃபில்டர் போச்சு.

2024 ஜூன் 10ல லிட்டர் 2 வெள்ளி 15 காசுலேர்ந்து 3 வெள்ளி 35 காசு ஆனப்புறம் ஒரு லிட்டர் கீழ கொட்டவும் மனசு வரல. மூனு வருஷமா ஜென்செட் நடுவுல நின்னதில்ல. அதோட சொந்த டேங்க் அடியில மட்டும் கொஞ்சம் துரு தெரியுது, அடுத்த மாசம் இறக்கிப் பாக்கணும்.