இணையதளம் செய்யக் கொடுப்பவர்களுக்கு: கடைசித் தவணைக்கு முன் உள்ளே திறந்து பாருங்கள்

இணையதளத்தைப் புதுப்பிக்கும் வேலையை வெளியாரிடம் ஒப்படைக்கப்போகிற சிறிய அமைப்புகளுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் அமைப்பு பொது உரைகளும் பயிலரங்குகளும் நடத்துவது. பல ஆண்டுகளாகச் சேர்ந்த உரைக் குறிப்புகள், பேச்சாளர் அறிமுகங்கள், காணொளிகள், நிகழ்ச்சி நிரல்கள் அனைத்தையும் புதிய தளத்துக்கு மாற்றித் தரும்படி ஒரு வடிவமைப்பு நிறுவனத்துக்குப் பணம் கொடுத்தோம். நாளை என்ன மாற்றம் வந்தாலும் ஈடுகொடுக்கும் தளம் என்று எழுத்திலேயே உறுதி தந்தார்கள். அந்த உறுதியை அவர்கள் காப்பாற்றவில்லை. பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே முறையில் வேலை செய்பவர்கள் பலர் இருக்கிறார்கள் என்பதால், அந்த முறையைத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உதவும்.

தளம் பார்வைக்கு நன்றாகவே இருந்தது. கைப்பேசியில் ஒழுங்காக மடங்கியது, படங்கள் விரைவாக வந்தன. பேச்சாளர் ஒருவர் பணி மாறியபோதுதான் முதல் குறை தெரிந்தது. அவருடைய பதவியைத் திருத்த வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனால் அவர் எங்கள் மேடையில் பலமுறை பேசியவர். அவருடைய அறிமுகத்தை ஒவ்வொரு உரைப் பக்கத்திலும் தனித்தனியாக நகலெடுத்து ஒட்டியிருந்தார்கள். ஓரிடத்தில் முன்னெழுத்தோடு பெயர், இன்னோரிடத்தில் முன்னெழுத்து இல்லாமல், வேறோரிடத்தில் பட்டத்தோடு. எந்தப் பெயரைக் கொண்டு தேடினாலும் சில பக்கங்கள் விடுபட்டன. அவர் பேசிய உரைகள் எவை என்ற எளிய கேள்விக்கு எங்கள் சொந்தத் தளமே பதில் சொல்லவில்லை.

தேதிகளின் கதை இதைவிட மோசம். நிகழ்ச்சி நடக்கும் நாள் பத்திக்குள் வெறும் எழுத்தாகக் கிடந்தது. ஒரு பக்கத்தில் ‘வரும் சனிக்கிழமை மாலை’, இன்னொன்றில் ‘3/4/2022’. அது ஏப்ரல் 3 ஆ, மார்ச் 4 ஆ என்பது எழுதியவருக்கே வெளிச்சம். கணினிக்கு நாள் தெரியாததால் முடிந்துபோன நிகழ்ச்சிகள் ‘வரவிருப்பவை’ பட்டியலிலேயே நின்றன. யாராவது நினைவு வைத்துக்கொண்டு கையால் அகற்ற வேண்டியிருந்தது. நிகழ்ச்சி நிரல்களையோ படமாகச் செய்து ஏற்றியிருந்தார்கள். திரைவாசிப்பான் பயன்படுத்தும் பார்வையற்ற வாசகர் ஒருவர், அந்தப் பக்கத்தில் தலைப்பைத் தவிர எதுவும் தனக்குக் கேட்கவில்லை என்று எழுதினார். அந்தக் கடிதம் வந்த பிறகு இதை வெறும் வசதிக்குறைவு என்று என்னால் கருத முடியவில்லை.

தளம், இணையதளங்களை உருவாக்கி நிர்வகிக்க உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸில் இயங்குகிறது. அதன் மேல், பெட்டிகளை இழுத்து வைத்துப் பக்கம் அமைக்கும் பேஜ் பில்டர் வகைச் செருகுநிரல் (மென்பொருளோடு கூடுதலாகச் சேர்க்கும் துணை நிரல்) ஒன்றைப் போட்டு, ஒவ்வொரு பக்கத்தையும் அதில் தனித்தனியாகக் கட்டியிருந்தார்கள். தரவுத்தளத்தைத் திறந்து பார்த்தால் ஓர் உரையின் தலைப்பு மட்டும் தனியே இருக்கிறது. நாள், இடம், பேசியவர், சுருக்கம், காணொளி முகவரி எல்லாம் நெடுவரிசை அகலம், நிறக் குறியீடு, ஓர இடைவெளி ஆகியவற்றோடு கலந்து ஒரே புலத்தில், அதாவது தகவலைச் சேமிக்கும் ஒரே பெட்டியில், கிடக்கின்றன. மனிதக் கண்ணுக்கு அது ஒழுங்கான பக்கம். கணினியைப் பொறுத்தவரை பிரிக்க முடியாத ஒரே கட்டி.

அந்தச் செருகுநிரலின் உரிமம் அந்த நிறுவனத்தின் கணக்கில் இருந்தது என்பதும் பிறகுதான் தெரிந்தது. அதை அவர்கள் புதுப்பிக்கவில்லை. பாதுகாப்பு மேம்படுத்தல்கள் நின்றதால் செருகுநிரலை நிறுத்திப் பார்த்தோம். பக்கமெங்கும் சதுர அடைப்புக்குறிகளுக்குள் ஷார்ட்கோடுகள் எனப்படும் சுருக்கக் கட்டளைகள் கொட்டிக் கிடந்தன. ஷார்ட்கோடைப் படித்துக் காட்டும் நிரல் போய்விட்டால் அது அப்படியே எழுத்தாக வெளியே தெரியும். எங்கள் உள்ளடக்கத்தைக் கோப்பாகத் தாருங்கள் என்று கேட்டதற்கு, வேர்ட்பிரஸின் வழக்கமான எக்ஸ்எம்எல் ஏற்றுமதிக் கோப்பைத் தந்தார்கள். அதே கட்டிகள், அதே அடைப்புக்குறிகள் அதற்குள்ளும் இருந்தன. ஒப்பந்தத்தில் ‘பக்கங்கள் அனைத்தும் இயங்கும் நிலையில்’ என்றுதானே இருக்கிறது என்பது அவர்களுடைய பதில்.

இவற்றைத் தவிர்க்க அரிய தொழில்நுட்பம் எதுவும் தேவைப்படவில்லை. உரை ஒரு வகை, பேச்சாளர் ஒரு வகை, இடம் ஒரு வகை என்று முதலில் பிரித்திருக்க வேண்டும். உரைக்குத் தலைப்பு, சுருக்கம், தொடங்கும் நேரம், காணொளி என்று தனிப் புலங்கள். பேச்சாளரின் பெயரை அங்கே தட்டச்சு செய்யாமல், பேச்சாளர் பதிவுக்கு ஓர் இணைப்பு. அப்படி இருந்திருந்தால் பதவி மாற்றத்தை ஒரே இடத்தில் திருத்தி முடித்திருப்போம். இந்த ஏற்பாட்டைத்தான் உள்ளடக்க மாதிரி என்கிறார்கள். வேர்ட்பிரஸில் இப்படிச் சொந்த வகைகளை எளிதாக உருவாக்கும் வசதி 2010 இல் வெளியான 3.0 பதிப்பிலேயே வந்துவிட்டது. வேர்ட்பிரஸ் போன்ற இன்னொரு மென்பொருளான துருபலில் புலங்கள் 2011 இல் வந்த ஏழாம் பதிப்பின் மையத்திலேயே சேர்ந்துவிட்டன. அமெரிக்கப் பொது வானொலியான என்பிஆர், ஒருமுறை உருவாக்கி எல்லா இடங்களிலும் வெளியிடும் தன் முறையை 2009 இல் வெளிப்படையாக விளக்கியது. செய்தியை வடிவமைப்பிலிருந்து பிரித்துப் புலங்களாக வைத்திருந்ததால், தளத்துக்கும் கைப்பேசிச் செயலிக்கும் மற்ற வானொலி நிலையங்களுக்கும் ஒரே மூலத்திலிருந்து அவர்களால் கொடுக்க முடிந்தது. 2011 இல் கூகுளும் பிங்கும் யாஹூவும் சேர்ந்து தொடங்கிய ஸ்கீமா.ஆர்க் என்ற, பக்கத்தில் இருப்பது என்ன என்று தேடுபொறிகளுக்குச் சொல்லும் சொற்தொகுப்பில், நிகழ்ச்சிக்குத் தொடங்கும் நாள், இடம், பங்கேற்பவர் என்று தனித்தனிப் பண்புகளே உண்டு. இத்தனையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, தொழிலாக இதைச் செய்பவர்கள் எங்களிடம் ஒட்டுவேலையை விற்றார்கள். என் கோபம் அதன்மேல்தான்.

புகார் சொன்ன பிறகு அவர்கள் தந்த ‘திருத்தம்’ இன்னொரு வகை ஏமாற்று. இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புலங்கள் இருக்கின்றன என்பதைப் பார்த்தவுடன் பலரும் நிம்மதியடைந்துவிடுவார்கள். உண்மையிலேயே புலங்கள் வந்தன. ஆனால் அவற்றின் பெயர்கள்: ‘இடப்பக்கப் பெட்டி’, ‘நீலப் பட்டை எழுத்து’, ‘இரண்டாம் வரிசைப் படம்’. இடப்பக்கப் பெட்டியில் ஓர் உரைக்கு நாள் இருக்கிறது, இன்னோர் உரைக்கு இடம் இருக்கிறது, மூன்றாவதில் நன்றி அறிவிப்பு. நாளை வடிவமைப்பில் நீலப் பட்டையே இல்லாமல் போனால் அந்தப் புலத்துக்கு என்ன பொருள்? திரையில் எங்கே தெரிகிறது என்பதை வைத்துப் பெயரிட்ட புலம், அந்தத் திரை மாறும்வரைதான் உயிரோடு இருக்கும். எதைக் குறிக்கிறது என்பதை வைத்துப் பெயரிட்டால், தோற்றம் எத்தனை முறை மாறினாலும் உள்ளே இருப்பதைத் தொட வேண்டியதில்லை. புலப் பெயர்ப் பட்டியலை மட்டும் வாங்கிப் படித்தாலே, வேலை செய்தவர் உங்கள் உள்ளடக்கத்தைப் பற்றி யோசித்தாரா, பக்கத்தின் படத்தைப் பற்றி மட்டும் யோசித்தாரா என்பது விளங்கிவிடும்.

எதிர்த் திசையிலும் ஆபத்து உண்டு. மீட்புப் பணிக்காக நாங்கள் அணுகிய வேறொரு குழு, கட்டுரையின் ஒவ்வொரு பத்தியையும் மேற்கோளையும் தனித்தனிப் புலமாக்கத் திட்டம் கொண்டுவந்தது. அதை மறுத்துவிட்டோம். ஓர் உரையைப் பதிவேற்ற முடிவில்லாத படிவத்தை நிரப்ப வேண்டும் என்றால், பதிவேற்றுபவர்கள் எல்லாவற்றையும் ஏதாவது ஒரு பெட்டியில் ஒட்டிவிட்டுப் போவார்கள். பிறகு பழைய கட்டிதான் மிஞ்சும். எதை வரிசைப்படுத்த வேண்டுமோ, வடிகட்ட வேண்டுமோ, வேறிடத்தில் மறுபடி காட்ட வேண்டுமோ அதற்குத் தனிப் புலம் போதும். தொடர்ந்து படிக்க வேண்டிய உரைநடை ஒரே உடலாகவே இருக்கலாம், தலைப்பும் பட்டியலும் தலைப்பென்றும் பட்டியலென்றும் குறிக்கப்பட்டிருந்தால். தடித்த பெரிய எழுத்தைத் தலைப்புபோலக் காட்டியிருந்தால் ஏற்காதீர்கள்.

நீங்கள் ஒப்பந்தம் போடும் முன்பே, வகைகளும் புலங்களும் அவற்றுக்கிடையிலான தொடர்புகளும் எழுதிய ஆவணத்தைக் கேளுங்கள். அது வரும்வரை வடிவமைப்புப் படங்களுக்கு ஒப்புதல் தராதீர்கள். மாதிரிப் பக்கத்தில் உங்கள் உண்மையான உள்ளடக்கத்தையே போடச் சொல்லுங்கள், அதிலும் மிக நீளமான தலைப்பையும், படமே இல்லாத பதிவையும், மூன்று பேர் சேர்ந்து பேசிய நிகழ்ச்சியையும். இந்தச் சிக்கலான மூன்றிலும் மாதிரிப் பக்கம் உடையவில்லை என்றால் ஓரளவு நம்பலாம். உரிமங்களும் கணக்குகளும் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். பழைய பக்க முகவரிகள் புதியவற்றுக்கு 301 (முகவரி நிரந்தரமாக மாறிவிட்டது என்று சொல்லும் குறியீடு) வழியாகத் திருப்பிவிடப்பட வேண்டும் என்பதையும் எழுத்தில் சேருங்கள். எங்களுக்கு அதையும் செய்யவில்லை, வெளியே இருந்து வந்த இணைப்புகளில் பெரும்பகுதி செத்துப்போயிற்று.

கடைசித் தவணைக்கு முன் இன்னொரு சோதனை. தளத்தின் நகல் ஒன்றை எடுத்து, அதில் தோற்றத்தை அமைக்கும் ‘தீம்’ தொகுப்பை மாற்றி, பக்கம் அமைக்கும் செருகுநிரலை நிறுத்தச் சொல்லுங்கள். அழகு போகட்டும், அது இயல்பு. சொற்களும் நாள்களும் பெயர்களும் சுத்தமாக நிற்கின்றனவா என்று பாருங்கள். பிறகு ஜேசன், சிஎஸ்வி போன்ற, தகவலைப் புலம் புலமாகப் பிரித்துத் தரும் கோப்பு வடிவில் ஏற்றுமதி கேட்டு, நிகழ்ச்சி நாள் தனி நெடுவரிசையில், 2022-04-03 போல ஐயத்துக்கு இடமில்லாத வடிவில் வருகிறதா என்று சரிபாருங்கள்.

ஏற்கெனவே இப்படி ஒரு தளத்தில் சிக்கியிருப்பவர்கள் முழுவதையும் ஒரேயடியாகப் பிரிக்க முயல வேண்டாம். நாங்கள் பேச்சாளர்களிலிருந்து தொடங்கினோம், அதிகம் திரும்பத் திரும்ப வருவது அவர்களுடைய விவரம்தான். ஒரே மனிதரின் பல பெயர் வடிவங்களைச் சேர்த்து ஒரு பதிவாக்கி, உரைகளை அதனோடு இணைத்து வருகிறோம். அடுத்தது தேதிகள். படமாக ஏற்றிய நிகழ்ச்சி நிரல்களை எழுத்தாக்கும் வேலையில் வரவிருக்கும் நிகழ்ச்சிகளுக்கே முதலிடம். மிகப் பழைய உரைகளின் உடலை ஷார்ட்கோடுகளை மட்டும் நீக்கிவிட்டு அப்படியே வைக்கிறோம். அவற்றுக்குத் தலைப்பும் நாளும் பேசியவரும் சரியாக இருந்தால் இப்போதைக்குப் போதும்.